டென்மார்க் நாற்காலியும் வேலூர் வெயிலும்

சத்துவாச்சாரியில் எங்கள் வீட்டுக்கு முதல் முறை வருகிறவர்கள், காபி டம்ளரைக் கீழே வைப்பதற்குள் கேட்டுவிடுவார்கள்: "இந்த நாற்காலி எங்கே வாங்கியது?" கூடத்தில் சோபா இருக்கிறது, தேக்கு பெஞ்சு இருக்கிறது. அவற்றைப் பற்றி யாரும் கேட்பதில்லை. ஜன்னலோரம் இருக்கும் ஆடும் நாற்காலியைத்தான் கேட்கிறார்கள். சமீப காலமாக, "இதே மாதிரி ஒன்று செய்யக் கொடுக்க வேண்டும், அளவு தருகிறீர்களா?" என்றும் கேட்கிறார்கள். அளவு மட்டும் போதாது என்பது, அதைப் பிரித்துப் பழுது பார்த்தபோதும், அதைப் பார்த்து இன்னொன்று செய்தபோதும் எனக்கு விளங்கியது. ஆகவே விரிவாகவே எழுதிவிடுகிறேன்.

என் மாமனார் அதை 1970-களில் பாகாயத்தில் வாங்கினார். மருத்துவக் கல்லூரியில் வேலை முடிந்து ஊர் திரும்பிய ஒரு வெளிநாட்டுக் குடும்பம் வீட்டுச் சாமான்களை விற்றது. மாமா மேசை விளக்கு வாங்கப் போனவர், நாற்காலியோடு வந்தார். அத்தைக்கு அது பிடிக்கவில்லை. வெறும் தொட்டிலை ஆட்டக் கூடாது என்று வளர்ந்தவர் அவர். காற்றுக்குத் தானாக அசையும் நாற்காலி வீட்டுக்கு ஆகாது என்று, அடியில் ஒரு மரத் துண்டைச் செருகி அசையவிடாமல் வைத்திருந்தாராம். பிறகு என் கணவர் பிறந்தார். இரவில் குழந்தையை வைத்துக்கொண்டு உட்கார வேறு இடம் தோதாக இல்லை. மரத் துண்டு அடுப்புக்குப் போனது. இப்போது அந்த நாற்காலியில் வேறு யாராவது உட்கார்ந்திருந்தால், அத்தை எதுவும் சொல்லாமல் எதிரில் வந்து நிற்பார். நாங்களே எழுந்துவிடுவோம்.

இருக்கையின் அடிச்சட்டத்தில் டென்மார்க் என்று ஒரு முத்திரை இருக்கிறது. வடிவத்தைப் படங்களோடு ஒப்பிட்டால் அது ஜே16 என்ற மாதிரி. டென்மார்க் வடிவமைப்பாளர் ஹான்ஸ் வெக்னர் 1944-இல் வடிவமைத்தது. டென்மார்க்கின் நுகர்வோர் கூட்டுறவு அமைப்பான எஃப்டிபிக்காக அவர் அதை வரைந்தார். போர்க்காலம், நாடு ஜெர்மனியின் பிடியில் இருந்தது. சாதாரணச் சம்பளக்காரர் வீட்டுக்கும் கட்டுப்படியாகும் நல்ல மரச்சாமான் வேண்டும் என்பது அந்த அமைப்பின் நோக்கம். பொர்கே மொகன்சன் அதன் வடிவமைப்புக் கூடத்துக்குத் தலைமை ஏற்றிருந்தார். இன்று இந்த நாற்காலியைச் செல்வர் வீட்டுப் படங்களில் பார்க்கிறோம். ஆனால் அது பிறந்தது கூட்டுறவுக் கடைக்காக. இதை நான் முக்கியமாகக் கருதுகிறேன். கையில் காசு குறைவாக உள்ளவருக்காகச் செய்யும்போது வீண் வேலை எதையும் சேர்க்க முடியாது. அதே சமயம் சீக்கிரம் உடையவும் கூடாது. இந்த இரண்டு நெருக்கடிக்கும் இடையில்தான் அந்த வடிவம் உருவாயிற்று. அமெரிக்காவின் ஷேக்கர் சமயக் குழுவினர் செய்த எளிய நாற்காலிகளிலிருந்தும், இங்கிலாந்தின் விண்ட்சர் நாற்காலிகளிலிருந்தும் வெக்னர் நிறைய எடுத்துக்கொண்டார். முழுக்கப் புதிதாகச் செய்ய வேண்டும் என்ற வீம்பு அவருக்கு இல்லை.

வெக்னரின் அப்பா செருப்புத் தைப்பவர். ஆம்பூர், ராணிப்பேட்டைப் பக்கம் தோல் வேலையைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்தத் தகவல் கூடுதலாக ஒன்றைச் சொல்லும். காலுக்கு அளவு எடுக்காமல் செருப்புத் தைக்க முடியாது. உடம்பில் தொடங்கிப் பொருளுக்கு வரும் புத்தி அந்தப் பட்டறையில் தானாக வரும்.

எங்கள் நாற்காலியில் செதுக்கு வேலை ஒன்றுகூட இல்லை. உயரமான முதுகில் மெல்லிய உருட்டுக் கம்புகள் நிற்கின்றன. சாய்ந்தால் அவை சற்றே வளைந்து கொடுக்கும். கம்புகளுக்கு இடையில் காற்று போகும். கையை வைக்கும் கட்டை, கை வைக்கும் இடத்தில் மட்டும் அகன்று, மற்ற இடத்தில் ஒடுங்குகிறது. எங்கே பலம் தேவையோ அங்கே மரம் தடித்திருக்கிறது. இந்தக் காலத்துக் கடைகளில் ஆடும் நாற்காலி என்று விற்பவற்றில் பெரும்பாலானவை கனமான மெத்தையும் தடித்த சட்டமும் கொண்டவை. மே மாதத்தில் நாற்பது டிகிரியைத் தாண்டும் வேலூரில் மெத்தை வைத்த முதுகில் யார் மதியம் சாய்வார்கள்? அதே காலத்து இன்னொரு பெயர்பெற்ற ஆடும் நாற்காலி, அமெரிக்காவின் சார்ல்ஸ், ரே ஈம்ஸ் தம்பதி 1950-இல் கொண்டுவந்தது. கண்ணாடி இழைப் பிளாஸ்டிக்கில் ஒரே வார்ப்பான இருக்கை, அடியில் கம்பியும், தரையில் ஊன்றி ஆடுவதற்கான மர வளைகட்டையும். பார்க்க அழகுதான். அந்தத் தம்பதி 1958-இல் நம் அரசுக்கு எழுதிக் கொடுத்த அறிக்கையைத் தொடர்ந்துதான் 1961-இல் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் வந்தது. அந்த நன்றி எனக்கு உண்டு. ஆனாலும் காற்று புகாத அந்த இருக்கையின் நகல்களை நம் ஊர் வெயிலுக்கு வாங்க வேண்டாம் என்றே சொல்வேன். இங்கே முதுகுக்கும் இருக்கைக்கும் இடைவெளி வேண்டும். பின்னல் வேண்டும்.

இனி பழுது பார்த்த கதை. நாற்காலி ஐரோப்பாவில் வளரும் பீச் மரத்தால் ஆனது. அழகான, உறுதியான மரம். ஆனால் ஈரத்தை வாங்கி வீங்குவதிலும் வெயிலில் சுருங்குவதிலும் தேக்கைவிட மிக அதிகம். நம் ஊரில் கோடையில் காய்ந்து கிடக்கும் காற்று, ஐப்பசி மழையில் அப்படியே மாறிவிடும். இத்தனை ஆண்டு வீங்கியும் சுருங்கியும் பொருத்துகள் தளர்ந்துவிட்டன. ஆடும்போது 'கிறீச்' என்று ஒரு சத்தம். பலரும் ஆணி அடித்துவிடச் சொன்னார்கள். தோட்டப்பாளையத்தில் பட்டறை வைத்திருக்கும் பெரியவர் ஒருவர் மட்டும், "அம்மா, இதில் ஆணி அடித்தால் அடுத்த முறை யாராலும் பிரிக்க முடியாது" என்றார். அவரிடமே கொடுத்தேன்.

அவர் முதலில் கருவி எதையும் எடுக்கவில்லை. முதுகுக் கம்பு ஒவ்வொன்றையும் விரல் முட்டியால் தட்டி, காதைக் கிட்டே வைத்துக் கேட்டார். இறுகி இருக்கும் கம்பு 'டங்' என்றது. தளர்ந்தது 'டொக்' என்றது. தளர்ந்தவற்றில் சுண்ணாம்புக் கட்டியால் கோடு போட்டார். பிறகு அந்தப் பொருத்துகளில் வெந்நீரில் பிழிந்த துணியைச் சுற்றி வைத்தார். பழைய ஒட்டு மெல்ல இளகியது. கொட்டாப்புளியால் இலேசாகத் தட்ட, கம்பு துளையிலிருந்து முழுசாகக் கழன்று வந்தது. வச்சிரம் போட்டு ஒட்டியது என்றார் மேஸ்திரி. விலங்குத் தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுக்கும் அந்தப் பசை சூட்டுக்கும் ஈரத்துக்கும் இளகிவிடும். அதைக் குறை என்று நினைத்திருந்தேன்; பழுது பார்க்கிறவருக்கு அதுவே பெரிய வரம். இந்தக் காலத்து வெள்ளைப் பசைகள் கெட்டியாகப் பிடிக்கும், ஆனால் பிரிக்கப் போனால் பெரும்பாலும் மரத்தையும் பிய்த்துக்கொண்டுதான் வரும். சுருங்கிய கம்பு நுனிகளில் மேஸ்திரி மெல்லிய மரச் சீவலைச் சுற்றி ஒட்டி, மறுபடி துளைக்குச் சரியாக இழைத்து இறக்கினார். ஆணி ஒன்றுகூடச் சேரவில்லை. சத்தம் அடங்கியது.

பழைய நாற்காலி ஒன்று உங்களுக்குக் கிடைத்தால், முதலில் அதைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பாருங்கள். ஆணியோ இரும்புத் தகடோ அடித்திருந்தால் விலையைப் பாதியாகக் குறைத்துக் கேளுங்கள். துளையின் ஓரத்தில் மாவு மாவாகத் தூள் கொட்டினால் மரம் உளுக்கிறது என்று பொருள். பீச் மரத்தில் பூச்சி சீக்கிரம் ஏறும். தளர்ந்த பொருத்தைக் கண்டு மட்டும் பயப்பட வேண்டாம். அதைச் சரிசெய்துவிடலாம்.

என் கணவரின் தங்கைக்கும் ஒன்று வேண்டும் என்றபோது, அதே மேஸ்திரியிடம் புதிதாகச் செய்யக் கொடுத்தோம். இங்கேதான் வளைகட்டையின் கணக்கு வந்தது. நாற்காலியின் உயிர் அதில்தான் இருக்கிறது. கடையில் வாங்கினாலும் முதலில் பார்க்க வேண்டியது அதுதான்.

வளைகட்டை என்பது ஒரு பெரிய வட்டத்தின் சிறு துண்டு. அந்த வட்டத்தின் மையம், உட்கார்ந்திருப்பவரின் எடைமையத்துக்கு, அதாவது உடம்பின் எடை முழுவதும் குவிந்திருப்பதாகக் கொள்ளும் புள்ளிக்கு, மேலே இருக்க வேண்டும். அப்போதுதான் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் உடம்பின் எடையே நாற்காலியைத் திரும்பக் கொண்டுவரும். தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மை எழுந்து நிற்பதும் இப்படித்தான். உட்கார்ந்த மனிதரின் எடைமையம் தரையிலிருந்து ஏறத்தாழ இரண்டு அடி, இரண்டேகால் அடி உயரத்தில் இருக்கும். நல்ல ஆடும் நாற்காலிகளில் வட்டத்தின் ஆரம் மூன்றேகால் அடியிலிருந்து மூன்றரை அடி வரை வைப்பார்கள். ஆரம் குறைந்தால் நாற்காலி பின்னால் விழப் பார்க்கும். ஆரம் மிகவும் கூடினால் வளைகட்டை கிட்டத்தட்டத் தட்டையாகிவிடும். ஆட்டம் குட்டையாக, வெடுக்கென்று இருக்கும், ஒவ்வொரு முறையும் காலால் உந்த வேண்டியிருக்கும். நிதானமாக ஆடிக்கொண்டே இருக்கும் நாற்காலி இந்த இரண்டுக்கும் நடுவில் கிடைக்கிறது. மேஸ்திரி பட்டறைத் தரையில் ஆணி அடித்து, நூல் கட்டி, வளைவை வரைந்து, முதலில் பிளைவுட்டில் அச்சு வெட்டினார். அந்த அச்சையே காலில் தற்காலிகமாகக் கட்டி, உட்கார்ந்து பார்த்தோம். நல்ல மரத்தை அறுப்பதற்கு முன்னால் இதைக் கேட்டு வாங்குங்கள். பிளைவுட் துண்டுக்கு ஆகும் செலவு ஒன்றுமே இல்லை.

கட்டை பின்கால்களைத் தாண்டிப் பின்பக்கம் நன்றாக நீண்டிருக்க வேண்டும். வேகமாகச் சாய்ந்தாலும் கவிழாமல் அந்த வால்தான் தடுக்கிறது. இடம் அடைக்கிறது என்று அதைக் குட்டையாக்கச் சொல்லாதீர்கள்.

இன்னொரு விஷயம், கட்டை எப்படி வளைந்தது என்பது. அகலப் பலகையில் வரைந்து, வளைவாக அறுத்தெடுப்பதுதான் சுலபம். பலரும் அப்படித்தான் செய்கிறார்கள். அப்படிச் செய்தால் நடுவில் நார் நேராக ஓடும், இரண்டு நுனிகளிலும் குறுக்கே வெட்டுப்படும். ஒடிவது அந்த நுனியில்தான். கட்டையின் பக்கவாட்டில் மரத்தின் ரேகைகளைப் பார்த்தாலே இது தெரிந்துவிடும். ரேகை வளைவோடு கூடவே ஓடினால் நல்லது. அதற்கு இரண்டு வழி உண்டு. ஒன்று, ஆவியில் வேகவைத்து வளைப்பது. வியன்னாவின் மைக்கேல் தொனட்டின் நாற்காலி நிறுவனம் 1860-இலேயே பீச் மரத்தை இப்படி வளைத்து ஆடும் நாற்காலி செய்து விற்றது. மற்றது, கால் அங்குலத்துக்கும் மெல்லிய பட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் பசை தடவி, அச்சில் வளைத்து இறுக்கிக் காயவைப்பது. ஆவிப்பெட்டி இல்லாத நம் பட்டறைகளுக்கு இரண்டாவதே தோது. எங்களுடையது அப்படிச் செய்ததுதான்.

மரத்துக்கு நான் பரிந்துரைப்பது பழைய தேக்கு. ஆற்காடு, வாலாஜாப் பக்கம் பழைய வீடுகள் இடிபடும்போது நிலையும் உத்தரமும் மண்டிக்கு வருகின்றன. பல ஆண்டு காய்ந்த மரம் என்பதால் இனி அதிகம் சுருங்காது. வாங்கும்போது வைரம் பாய்ந்த பகுதியாகப் பொறுக்குங்கள். ஓரத்து வெள்ளையைத் தள்ளிவிடுங்கள். உள்ளே ஒடிந்து கிடக்கும் ஆணியைக் காந்தம் வைத்துத் தேட வேண்டும், இல்லாவிட்டால் இழைப்புளியின் வாய் போய்விடும். பூவரசும் நல்ல மரம், நார் இறுக்கமானது. வேங்கை உறுதிதான், ஆனால் ஈரம் பட்டால் மஞ்சளாகக் கறை விடும். வெள்ளை வேட்டிக்காரர் வீட்டுக்கு வேண்டாம்.

பழைய நாற்காலியின் இருக்கை, முறுக்கிய காகிதக் கயிற்றால் சட்டங்களைச் சுற்றிப் பின்னியது. போரின்போது கடற்புல் கயிறு கிடைக்காமல் டென்மார்க்கில் காகிதக் கயிறு புழக்கத்துக்கு வந்ததாம். காகிதமா என்று முகம் சுளிக்க வேண்டாம். அத்தையின் எடையைப் பல பத்தாண்டுகள் தாங்கியது. புதிய நாற்காலிக்குப் பிரம்பு பின்னச் சொன்னோம். பின்னுகிறவர் பிரம்பு நாரைத் தண்ணீரில் ஊறவைத்துத் துவளத் துவளப் பின்னினார். மறுநாள் காய்ந்ததும் மத்தளம் மாதிரி விறைத்துக்கொண்டது. கோடையில் பிரம்பு வறண்டு வெடிக்கும். சித்திரை, வைகாசியில் அவ்வப்போது ஈரத் துணியால் அடிப்பக்கத்தை ஒற்றி, நிழலில் காயவிட்டால் தொய்வும் எடுபடும், வெடிப்பும் வராது. பளபளப்பான மேல்பக்கம் ஈரத்தை வாங்காது. அடியில்தான் துடைக்க வேண்டும். பிளாஸ்டிக் ஒயர் மலிவு, ஆனால் முதுகிலும் தொடையிலும் வியர்க்கும்.

புதிய வீடுகளில் வழவழப்பான டைல்ஸ். அதில் ஆடும்போது நாற்காலி கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து சுவரில் போய் இடிக்கும். மேஸ்திரி தரையில் சுண்ணாம்புத் தூளைத் தூவி, நாற்காலியை வைத்து ஆட்டி, வளைகட்டையின் அடியைப் பார்த்தார். வெள்ளைக் கோடு ஒரு கட்டையில் தொடர்ச்சியாகவும் மற்றதில் விட்டுவிட்டும் விழுந்திருந்தது. வெள்ளை படிந்த மேட்டை உப்புத்தாளால் தேய்த்து, இரண்டும் ஒரே மாதிரி விழும்வரை திரும்பத் திரும்பச் செய்தார். நகர்வது பெரிதும் குறைந்தது. மிச்சத்துக்கு நான் ஆம்பூரிலிருந்து செருப்பு அடிக்கான தோல் பட்டை வாங்கி வந்து கட்டையின் அடியில் ஒட்டினேன். வழுக்கவும் இல்லை, சத்தமும் இல்லை, டைல்ஸிலும் கீறல் இல்லை.

மேல்பூச்சுக்கு வார்னிஷ் வேண்டாம். பெயிண்ட் கடைகளில் கிடைக்கும் காய்ச்சிய ஆளிவிதை எண்ணெயை மெல்லிய துணியால் தேய்த்து, மிச்சத்தைத் துடைத்துவிட்டால் போதும். கீறல் விழுந்தால் அந்த இடத்தில் மட்டும் மறுபடி தடவலாம். ஆனால் ஓர் எச்சரிக்கை: எண்ணெய் தேய்த்த துணியைச் சுருட்டிப் போட்டுவிடாதீர்கள். அந்த எண்ணெய் உலரும்போது சூடு கிளப்பும். சுருட்டிய துணிக்குள் சூடு தேங்கித் தானாகவே தீப்பிடிக்கும். விரித்துக் கொடியில் போடுங்கள், அல்லது தண்ணீரில் முக்கி வையுங்கள்.

முதுகுவலிக்கு நல்லதா என்றும் கேட்கிறார்கள். ஜான் கென்னடிக்கு 1955-இல் டாக்டர் ஜேனட் டிராவெல் ஆடும் நாற்காலியைப் பரிந்துரைத்தார். பின்னர் வெள்ளை மாளிகையிலும் அவர் அதில்தான் உட்கார்ந்தார். ஒரே நிலையில் உறைந்து உட்காராமல் தசைகள் மாறி மாறி இயங்குவதுதான் அதன் பலன். அத்தைக்கு முழங்கால் வலி. காலால் மெல்ல உந்தி ஆடுவது அவருக்கு இதமாக இருக்கிறது. எழும்போது நாற்காலி முன்னால் சாய்ந்து கொடுப்பதும் உதவி. உங்கள் வலிக்கு எது சரி என்பதை உங்கள் மருத்துவரிடமே கேளுங்கள். வேலூருக்கு இது தெரியாத விஷயம் இல்லை. 1954 விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்த டாக்டர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்த ஊர் இது. 1966-இல் பாகாயத்தில் மறுவாழ்வு மையம் அவரால்தான் வந்தது. நாற்காலியைச் சும்மா ஒரு மரச்சாமான் என்று இந்த ஊர்க்காரர்கள் சொல்லக் கூடாது.

இந்த வடிவமெல்லாம் வெளிநாட்டுச் சரக்கு என்று ஒதுக்குகிறவர்களுக்கும் ஒன்று. ஜார்ஜ் நகஷிமா என்ற ஜப்பானிய வம்சாவளி அமெரிக்கர், பெரிய மர வேலைக் கலைஞர், 1930-களின் இறுதியில் நம்மிடமிருந்து பஸ்ஸில் போய்வரும் தூரத்தில், பாண்டிச்சேரியில்தான் இருந்தார். அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்டே விடுதியைக் கட்டும் பணியை மேற்பார்த்து, அதற்கான மரச்சாமான்களையும் வடிவமைத்தார். அவை இந்த வெயிலுக்கும் கடற்காற்றுக்கும் யோசித்துச் செய்யப்பட்டவை. நல்ல நாற்காலிக்கு ஊர் பேதம் கிடையாது. அது உட்காருகிறவரையும் வெயிலையும் மரத்தையும் பார்க்கிறது.

செய்யக் கொடுக்கப் போகிறவர்கள், உட்காரப் போகிறவரையே பட்டறைக்குக் கூட்டிப் போங்கள். இருக்கையின் முன்விளிம்பு பதினாறு, பதினேழு அங்குலம் சராசரி உயரக்காரருக்குச் சரி. பாதம் தரையில் முழுதாகப் பதிய வேண்டும். முழங்காலின் பின்பக்கத்துக்கும் விளிம்புக்கும் நடுவில் இரண்டு விரல் இடம் இருக்க வேண்டும். கைக்கட்டை இருக்கையிலிருந்து எட்டு அங்குலம் உயரத்தில் இருந்தால் தோள் தூக்கிக்கொள்ளாது. சிறு குழந்தைகள் உள்ள வீடானால், வளைகட்டைக்கு அடியில் விரல் சிக்காத மூலையில் போடுங்கள். சார்ஜர் ஒயரும் அந்தப் பக்கம் வரக் கூடாது. உயரமானவருக்காகக் காலை ஓர் அங்குலம் கூட்டச் சொன்னால், வட்டத்தின் ஆரத்தையும் அதே அளவு கூட்டச் சொல்லுங்கள். எடைமையம் மேலே ஏறினால் மையப் புள்ளியும் கூடவே ஏற வேண்டும். மேஸ்திரியிடம் இப்போது இரண்டு உயரத்துக்கான பிளைவுட் அச்சுகள் இருக்கின்றன. நாத்தனார் வீட்டு நாற்காலிக்குச் செய்தது அதில் உயரமானது.